பெரியப்பாவின் வெள்ளிக்கிழமைப் பாணும் சீஸும்

குழு: எங்கட வீட்டுச் சனம்

செவ்வாய்க்கிழமை

சுதா அக்கா: அப்பான்ர 75க்கு ஞாயிறு மத்தியானம் மேசை சொல்லப் போறன். 12 பேர். எங்கட வீட்டுக்குப் பக்கத்தில புதுசாத் திருத்தித் திறந்த பப். மெனு போட்டிருக்கிறன், பாத்துச் சொல்லுங்கோ.

சுதா அக்கா: (படம்)

அம்மா: வடிவா இருக்கு பிள்ளை. எழுத்துத்தான் சின்னன், ஒண்டும் தெரியேல்லை.

கஜன் அண்ணா: நான் வாசிக்கிறன் சித்தி. சுட்ட பீட்ரூட், நுரைக்க அடிச்ச ஆட்டுப்பால் சீஸ், வறுத்த ஹேசல்நட். 14 பவுண்ஸ்.

பெரியப்பா: பீட்ரூட்டுக்கோ?

ரவி மாமா: அத்தான் முழிச்சிட்டார் 😂 நான் டொரொன்டோவில கோப்பி ஊத்திக்கொண்டு இருந்து பாக்கிறன், நடத்துங்கோ.

பெரியப்பா: சுதா, உதில ப்ளவ்மன்ஸ் இருக்கோ?

சுதா அக்கா: இல்லை அப்பா. ஷேரிங் போர்ட் எண்டு ஒண்டு இருக்கு. சீஸ், ஒலிவ், அத்திப்பழச் சட்னி எல்லாம் ஒரு பலகையில வைச்சுத் தருவினம்.

பெரியப்பா: பலகையிலயோ. ஏன், சாப்பாட்டுக் கோப்பையெல்லாம் உடைஞ்சு போச்சாமோ?

நான்: ப்ளவ்மன்ஸ் எண்டா என்ன பெரியப்பா? சுப்பர் மார்க்கெட்டில முக்கோணச் சான்ட்விச்சில அந்தப் பேர் கண்டிருக்கிறன்.

பெரியப்பா: அது வேற. சொல்லுறன், ஒருத்தரும் இடையில எழுதாதேங்கோ. நான் ஒரு விரலால அடிக்கிறன்.

ரவி மாமா: விளங்கிச்சு. நான் ரெண்டாவது கோப்பிக்குப் போட்டு வாறன்.

பெரியப்பா: நான் இங்கிலாந்தில டார்பி எண்ட ஊருக்கு வந்தது 1976. மழையே பெய்யாத அந்தக் கோடை. கவுன்சில் கந்தோரில ரோட்டுப் படம் கீறுற வேலை. வெள்ளிக்கிழமை பன்னிரண்டரை அடிச்சா ஏழெட்டுப் பேர் எழும்பி முடக்கில இருந்த பப்புக்குப் போவினம். முதல் ரெண்டு மாசம் நான் போகேல்லை. ஒண்டு, வெள்ளிக்கிழமை நான் மீன், இறைச்சி எண்டு மச்சம் ஒண்டும் தொடுறேல்லை. மற்றது பயம். நிறத்தைப் பாத்துப் பப்பில ஆக்களை மறிக்கேலாது எண்டு 1965ல சட்டம் போட்டாச்சு, சரி. ஆனா உள்ளுக்கப் போனாப் பிறகு பத்துத் தலை ஒண்டாத் திரும்பினா அதுக்கு ஆரிட்டப் போய் முறைப்பாடு சொல்லுறது? ஒருநாள் பக்கத்து மேசைக் கிழவன் என்ர கோட்டைக் கொளுக்கியால எடுத்துக் கையில திணிச்சுப் போட்டு ஒண்டும் பேசாமல் முன்னால நடந்தார். கோட்டைக் கையில வைச்சுக்கொண்டு எத்தினை நேரம் நிக்கிறது? நானும் பின்னால போனன்.

பெரியப்பா: கரும்பலகையில சோக்கால நாலு வரி. ஸ்டேக் அண்ட் கிட்னி பை. ஸ்கம்பியும் சிப்ஸும், அது கூடையில வரும். ஹாமும் முட்டையும் சிப்ஸும். கடைசியில ப்ளவ்மன்ஸ். முதல் மூண்டும் மச்சம், மிச்சம் ஒண்டு. எனக்கு மெனு வாசிக்கிற வேலையே இருக்கேல்லை.

துளசி: கோப்பையில என்ன வரும்? சரியாச் சொல்லுங்கோ.

பெரியப்பா: வெள்ளைக் கோப்பை. கால்வாசிப் பாண், மேல்தோல் கறுத்துப் பொரிஞ்சிருக்கும். பளபளத் தாளில சுத்தின பட்டர் ரெண்டு, கல்லு. அதைப் பூசப் போனாப் பாண் கிழியும், துண்டு துண்டா மேல வைச்சுக் கடிக்கத்தான் வேணும். செடார் சீஸ் ஒரு ஆப்பு, கதவுக்கு அடை குடுக்கலாம். வினாகிரியில ஊறின சின்ன வெங்காயம் ரெண்டு, மண்ணிறம். முள்ளால குத்தப் போனா அடுத்த மேசைக்கு உருண்டு போகும். அரை ஆப்பிள், பாதித் தக்காளிப்பழம், ஆரும் சாப்பிடாத ஒரு லெட்டஸ் இலை. ஓரத்தில பிராண்ஸ்டன் பிக்கிள் ஒரு பெரிய கரண்டி. ஒரு பவுண் நோட்டு நீட்டினாச் சில்லறை வரும்.

பெரியப்பா: அந்தப் பிக்கிளை வாயில வைச்ச உடன எங்கட அச்சாறு ஞாபகம் வந்திட்டுது. இனிப்பாவும் புளிப்பாவும். மிளகாய் போட மறந்த அச்சாறு.

கஜன் அண்ணா: பிராண்ஸ்டன் டார்பிக்குப் பக்கத்து ஊர் தானே?

பெரியப்பா: பேர்ட்டனோட ஒட்டின ஊர். 1922ல அங்கதான் செய்யத் தொடங்கினவங்கள். கொஞ்ச வருசத்திலயே வேலையை லண்டனுக்குக் கொண்டு போட்டாங்கள். போத்தலில ஊர்ப்பேர் மட்டும் மிஞ்சினது.

துளசி: இப்ப அந்தப் பேரும் ஒரு ஜப்பான் வினாகிரிக் கொம்பனியின்ர கையில.

பெரியம்மா: எல்லாம் சொன்னவர் பியரைச் சொல்லேல்லை.

பெரியப்பா: ஷாண்டி. அரைப் பைன்ட். பாதி லெமனேட்.

பெரியம்மா: மற்றப் பாதி? வெள்ளிக்கிழமை பின்னேரம் கோட்டைக் கழட்டினா வீடு முழுக்கச் சிகரெட் மணம். நான் சாமி அறைக்கு முன்னால நிண்டு "குளிச்சிட்டு வாங்கோ" எண்டு கத்துவன். 2007ல பப்புகளுக்குள்ள பத்தக்கூடாது எண்டு சட்டம் வந்தபோது உவர் ரிட்டையர் ஆகிற வயசுக்குக் கிட்ட வந்திட்டார், எனக்கு என்ன பிரயோசனம்?

அம்மா: ஊரில கள்ளுத் தவறணைக்குப் போன அப்புவை அம்மா படலைக்கு வெளியில நிப்பாட்டினவ. அதே கதை அக்கா.

துளசி: பெரியப்பா, ஒண்டு சொன்னாக் கோவிக்க மாட்டியளே?

பெரியப்பா: சொல்லு.

துளசி: ப்ளவ்மன்ஸ் லஞ்ச் எண்டது பழைய கமக்காரச் சாப்பாடு எண்டு நினைக்கிறியள். பேர் விளம்பரக்காரர் பரப்பினது. யுத்தத்தோட சீஸ் ரேஷன், அது முடிஞ்சது 1954ல. அதுக்குள்ள சனத்துக்கு நல்ல சீஸின்ர பழக்கமே விட்டுப் போச்சு. திருப்பிப் பழக்கிறதுக்குச் சீஸ்காரரின்ர அமைப்புகளும் பால் சபையும் சேந்து 50, 60களில பப்புகளுக்குள்ள தள்ளினதுதான் இந்தப் பேர்.

பெரியப்பா: அதுக்கு முன்னம் வயல்காரன் பாணும் சீஸும் வெங்காயமும் பியரும் இல்லாமல் பட்டினி கிடந்தானோ? அவங்கள் பேர் வைச்சாங்கள், அவ்வளவுதான். நீயும் பிறந்து 31 நாள் பேரில்லாமல்தான் கிடந்தனி.

ரவி மாமா: 😂😂

துளசி: சரி, அது போகட்டும். அந்தக் காலத்துச் செடார் எப்பிடி உறைய வைக்கிறது தெரியுமோ? ரெனெட் எண்டு ஒண்டு விடுவினம். அது கண்டுக்குட்டியின்ர இரைப்பையில இருந்து எடுக்கிறது.

(ஒரு நிமிசம் ஒருத்தரும் எழுதவில்லை.)

கஜன் அண்ணா: அப்பா டைப்பிங்... நிப்பாட்டிட்டார்... டைப்பிங்...

பெரியப்பா: இப்பவுமோ?

துளசி: இப்ப சுப்பர் மார்க்கெட் செடாரில கனக்க சைவ ரெனெட். சைவம் எண்டு பைக்கற்றில எழுதியிருக்கும். அப்ப எழுதியிருக்காது.

பெரியம்மா: எத்தினை வருசம் போனவர்?

சுதா அக்கா: 76ல இருந்து 88. பன்னிரண்டு.

பெரியம்மா: பன்னிரண்டு வருசம் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை கண்டுக்குட்டி. உந்த முழங்கால் நோவு சும்மா வரேல்லை.

துளசி: இன்னும் முடியேல்லை பெரியம்மா. அந்தப் பீப்பாய்ப் பியர் தெளியிறதுக்கு ஐசிங்கிளாஸ் எண்டு ஒண்டு விடுவினம். மீனுக்குள்ள இருக்கிற காத்துப்பையைக் காய வைச்சுச் செய்யிறது.

ரவி மாமா: ஐயோ அத்தான். நாங்கள் மச்சம் சாப்பிட்டவங்கள் உங்களை விடச் சுத்தம்.

பெரியப்பா: லெமனேட்டிலயாவது ஒண்டும் இல்லையோ?

அம்மா: விடு துளசி, பிறந்தநாளுக்கு முன்னம் மனிசனைச் சாகக் கொல்லாதை.

புதன்கிழமை

பெரியப்பா: இரவு யோசிச்சுப் பாத்தன். தெரியாமல் செய்தது. சரி, அதை விடுவம். ஒரு விசயம் சொல்ல விட்டிட்டன். ரெண்டரைக்கு மணி அடிக்கும். கவுண்டருக்குப் பின்னால பித்தளை மணி. கிளாஸை முடிக்கப் பத்து நிமிசம். பேந்து கதவு பூட்டினா ஐஞ்சரைக்குத்தான் திறப்பு. முதலாம் யுத்தத்தில ஆயுதத் தொழிற்சாலைச் சனம் குடிச்சிட்டு வேலைக்கு வரக்கூடாது எண்டு போட்ட கட்டுப்பாடு, 1988 மட்டும் எங்கட மத்தியானச் சாப்பாட்டை விரட்டிக்கொண்டு இருந்தது. அதால ஒருத்தரும் இழுத்தடிக்கிறேல்லை. சாப்பிட்டு, நாலு பகிடி, கிரிக்கெட் ஸ்கோர், மணி.

பெரியப்பா: அந்த வருசம் முழுநாளும் திறக்கலாம் எண்டு மாத்தினாங்கள். அதே வருசம் எங்கட கந்தோரையும் பிரிச்சு என்னை லண்டனுக்கு விட்டிட்டாங்கள். முழுநாளும் திறந்து வைச்ச பப்பில இருக்க எனக்குக் குடுத்து வைக்கேல்லை.

கஜன் அண்ணா: லண்டனிலயும் பப் இருந்தது தானே?

பெரியப்பா: இருந்தது. ஆனா ஆர் எனக்குக் கோட்டு எடுத்துத் தாறது?

கஜன் அண்ணா: இந்த உயர்ந்த சமையல் பப்பெல்லாம் 1991க்குப் பிறகு வந்த விசயம். ஃபரிங்டன் ரோட்டில ஈகிள் எண்ட பப்பில இருந்துதான் காஸ்ட்ரோபப் எண்ட சொல்லே பரவினது. நல்லாத்தான் சமைச்சவை. அதைப் பாத்து மற்றவங்கள் செய்ததுதான் கூத்து.

பெரியம்மா: நல்லாச் சமைக்கிறது குற்றமோ? எனக்கு அந்த பீட்ரூட் விருப்பம்.

சுதா அக்கா: அம்மா சொன்னது சரி. ஞாயிறு எல்லாரும் பீட்ரூட்டுக்கு. மேசை சொல்லியாச்சு. அப்பாக்கு ரோஸ்ட் உருளைக்கிழங்கும் யோக்‌ஷயர் புடிங்கும்.

பெரியப்பா: பிறந்தநாள் வெள்ளிக்கிழமை தானே. ஞாயிறு மச்சம் சாப்பிடலாம், எனக்கு ஆட்சேபனை இல்லை. வெள்ளிக்கிழமை என்ன செய்யிறியள்?

(கஜன் அண்ணா 11.40க்கு எழுதினார்)

கஜன் அண்ணா: அப்பா, வெள்ளி லீவு போட்டிட்டன். எம் 1 மோட்டர்வேயில போனா ஹரோவில இருந்து டார்பிக்கு ரெண்டரை மணித்தியாலம். உங்கட பப்பைத் தேடினன். அது இப்ப ஃபிளாட். அஞ்சு இடத்துக்கு ஃபோன் அடிச்சன். நாலு இடத்தில பலகை. ஒரு இடத்தில மனிசி சொன்னா, "கிச்சின் இல்லை ராசா, கொப் மட்டும்தான் இருக்கு" எண்டு.

நான்: கொப்?

பெரியப்பா: டார்பிக்காரர் உருண்டைப் பணிசுக்குச் சொல்லுறது. சீஸ் அண்ட் ஒனியன் கொப். கவுண்டருக்கு மேல பிளாஸ்டிக் மூடிக்குக் கீழ அடுக்கி வைச்சிருப்பாங்கள். ப்ளவ்மன்ஸுக்குக் காசு காணாத கிழமையில நான் அதைத்தான் சாப்பிட்டது. எத்தினை மணிக்கு வெளிக்கிடுறம்?

வெள்ளிக்கிழமை

கஜன் அண்ணா: (படம்)

சுதா அக்கா: அப்பா! பிறந்தநாள் வாழ்த்துகள்! ஏன் முகத்தை அப்பிடி வைச்சிருக்கிறியள்?

அம்மா: வாழ்த்துகள் அத்தான். ஒட்டுற கடதாசியில சுத்தின ஒரு பணிஸுக்கோ இவ்வளவு தூரம்?

கஜன் அண்ணா: கடதாசியைக் கழட்ட ஐஞ்சு நிமிசம் எடுத்தார் சித்தி. பேந்து பணிசைத் திறந்து பாத்தார்.

பெரியப்பா: வெங்காயம் மெல்லிசா வெட்டியிருக்கு. அந்தக் காலத்தில ஒரு விரல் தடிப்பு. மனிசியிட்டச் சொன்னன், உள்ளுக்கப் போய் இன்னும் ஒரு துண்டு தடிப்பா வெட்டிக்கொண்டு வந்து வைச்சிட்டுப் போறா.

துளசி: சீஸ் சைவமோ எண்டு கேட்டனீங்களோ பெரியப்பா?

பெரியப்பா: இல்லை.

பெரியம்மா: கிளாஸில என்ன?

பெரியப்பா: லெமனேட்.

கஜன் அண்ணா: பாதி.