நிலவறை நீர்க்குழிக்கு ‘வடிகுழி’: ஒரு முன்மொழிவு

நம் கட்டுமானச் சொல்லடைவுக்குச் சொல் தேடும் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

நிலவறைக்குள் ஊறிவரும் நீரைத் திரட்டி மோட்டாரால் வெளியேற்றுவதற்காகத் தரையின் தாழ்ந்த மூலையில் அமைக்கும் குழியை, ஆங்கிலத்தில் உள்ளபடி ‘சம்ப்’ (sump) என்றே எழுதிவிடலாம் என்று நம் உரையாடலில் எழுந்த கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை. தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ சம்ப் என்றால், வாசலருகே மண்ணுக்குள் கட்டிய நல்ல தண்ணீர்த் தொட்டி என்றுதான் பொருள். அங்கிருந்துதான் மாடித் தொட்டிக்கு நீர் ஏறுகிறது. வரைபடத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்தால், குழாய் வேலை செய்பவர் எதை எதனோடு இணைப்பார்? சுவரடி நீர் குடிநீரில் கலக்கும் அபாயத்துக்கு நாமே வழிவகுத்தவர்கள் ஆவோம்.

நண்பர் ஒருவர் தந்த ‘உறிஞ்சுகுழி’ நல்ல சொல்தான். ஆனால் அது நீரை மண்ணுக்குள் விடுவது. நாம் பேசும் குழியோ மண்ணிலிருந்து வரும் நீரை வாங்குவது. ‘ஊற்றுக்குழி’ என்றால் ஆற்று மணலில் குடிதண்ணீருக்காகத் தோண்டுவதே நினைவுக்கு வரும்.

நான் முன்மொழிவது ‘வடிகுழி’. பாசன வாய்க்கால் நீரைக் கொண்டுவரும், வடிகால் மிகுநீரைக் கொண்டுபோகும் என்ற வேறுபாடு டெல்டாவில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதன்று. வடிகால், வடிதட்டு போன்ற சொற்களோடு வடிகுழியும் இயல்பாகச் சேர்ந்துகொள்ளும். நீரைக் குழிக்குக் கொண்டுவரும் துளையிட்ட குழாயை ‘வடிகுழாய்’ என்றும், பம்பை ‘வடிகுழி மோட்டார்’ என்றும் தொடர்ந்து அமைக்கலாம்.

‘பேஸ்மெண்ட்’ என்று எழுதுவதையும் தவிர்க்க வேண்டுகிறேன். நம் கொத்தனார்கள் ‘பேஸ்மட்டம்’ என்பது தரைக்கு மேல் உயர்த்திக் கட்டும் பகுதியை. ஆகவே ‘நிலவறை’யே தெளிவானது.

நீர் எங்கிருந்து வருகிறது என்பதையும் விளக்கத்தில் சொல்ல வேண்டும். வழக்கப்படி ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறக்கப்பட்டு வாய்க்கால்களில் தண்ணீர் ஓடத் தொடங்கினால், அக்கம்பக்கத்துக் கிணறுகளில் நீர்மட்டம் உயரும். வடகிழக்குப் பருவமழை அதை இன்னும் மேலே கொண்டுவரும். வெளியே ஒரு மீட்டர் உயரத்துக்கு நீர் நின்றால், அதன் அடிமட்டத்தில் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு டன் அழுத்தம் சுவரின் மீது விழுகிறது. சுவரும் தரையும் சேரும் இணைப்பில் முதலில் ஒரு கருத்த கோடு தெரியும்; பிறகு பூச்சு உப்புப் பூத்துப் பொரிந்து, விரல் பட்டாலே மாவாக உதிரும். உட்புறம் மீண்டும் பூசுவதால் இந்த அழுத்தம் குறையாது. நீர் வடிவதற்கு வழி வேண்டும்.

அந்த வழி, கடைக்காலை ஒட்டிக் கருங்கல் ஜல்லி பரப்பி, நடுவே வடிகுழாய் பதித்து, களிமண் புகாதபடி வடிதுணி சுற்றிய அமைப்பு. ஆங்கிலத்தில் ‘French drain’ எனப்படும் இதைப் ‘பிரெஞ்சு வடிகால்’ என்று மொழிபெயர்ப்பது பொருந்தாது. 1859இல் இத்தகைய வடிகால்களை விளக்கி எழுதிய ஹென்றி ஃபிளாக் பிரெஞ்சு என்ற அமெரிக்கரின் பெயர் அது. முன்பு பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காரைக்காலுக்குப் பக்கத்திலேயே இருக்கும் நமக்கு அது பிரான்சிலிருந்து வந்ததாகத் தோன்றிவிடும். நம் உரையாடலில் ஏற்கெனவே வந்த ‘ஜல்லி வடிகால்’ போதும்.

வடிகுழிக்கான விளக்கத்தில் மோட்டாரையும் மாற்று மின்சாரத்தையும் விட்டுவிடக் கூடாது. 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பிறகு டெல்டாவின் பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. குழி நிரம்புவதும் அத்தகைய நாள்களில்தான். ஆகவே சொல்லடைவில் பின்வருமாறு சேர்க்கலாம் என்று கருதுகிறேன்:

வடிகுழி: நிலவறைத் தரையின் தாழ்ந்த இடத்தில், ஜல்லி வடிகால் கொண்டுவரும் நிலத்தடி நீரைத் திரட்டும் மூடியுள்ள குழி. மிதவை சுவிட்சால் இயங்கும் மோட்டார், நீர் திரும்பாமல் தடுக்கும் ஒருவழி வால்வு, மாற்று மின்சார ஏற்பாடு ஆகியவை இதனுடன் அமையும். வெளியேறும் நீர் சுவரிலிருந்து விலகி மழைநீர் வடிகாலில் விழ வேண்டும்.