மணலில் ஓடும் ஜீப்பின் பயணிகள் கூண்டு: தூணடியில் மீண்டும் மீண்டும் வெடிப்பு, உதவி வேண்டும்

பாம்பன்காரன்

வணக்கம். தங்கச்சிமடத்தில் எங்கள் தென்னந்தோப்பில் நான்கு சக்கரமும் இழுக்கும் பழைய ஜீப் ஒன்று நிற்கிறது. முகுந்தராயர் சத்திரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு 2017இல் தார்ச்சாலை திறக்கும்வரை, என் அப்பா இந்த வண்டியில்தான் மணலிலும் அலையேறிய சேற்றிலும் ஆட்களை ஏற்றிப் போய் வந்தார். சாலை வந்தது, ஓட்டம் நின்றது, கூண்டு துருப்பிடித்து உதிர்ந்தது. அப்பாவுக்கு இப்போது வயது 71. "எடைக்கு மட்டும் போட்டுவிடாதே" என்பார். அவ்வளவுதான் அவர் கேட்டது.

என்ஜினைச் சரிசெய்துவிட்டேன். புதிதாகப் பயணிகள் கூண்டு கட்டினோம். ஒன்றரை அங்குலச் சதுரக் குழாயில் ஆறு தூண்கள். ஆறையும் நேராக, வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டமான சேஸிஸில் வெல்டிங் செய்தாயிற்று. கூரைக்கு 18 கேஜ் (சுமார் 1.2 மில்லிமீட்டர்) இரும்புத் தகடு. உள்ளே எதிரெதிராக இரண்டு பலகை. வீட்டு ஆட்கள் வேர்க்காடு சந்தியாகப்பர் கோயில் திருவிழாவுக்கும், எங்கள் கரைவலை கிடக்கும் இடத்துக்கும் போய் வரத்தான் இது.

மூன்றாவது முறை ஓட்டியபோது, பின்கதவை ஒட்டிய தூணின் அடியில் மயிரிழைபோல் ஒரு கோடு தெரிந்தது. வர்ணம் பிளந்திருக்கிறது என்றுதான் நினைத்தேன். நகத்தை வைத்தேன், நகம் உள்ளே போனது. பட்டறையில் மறுபடி வெல்டிங் போட்டார்கள். ஒரே வாரத்தில் வெல்டிங்குக்கு அரை அங்குலம் தள்ளி மறுபடி வெடித்தது. பின்கண்ணாடி ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குக் கோடு விழுந்து போய்விட்டது. சமதரையில் ஒழுங்காக மூடும் கதவு, மேடுபள்ளத்தில் நின்றால் மூடுவதில்லை. இரும்பு மட்டமானதா, வெல்டிங் சரியில்லையா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தொண்டி பாடிக்காரர்

தம்பி, கரூரில் பதினோரு வருடம் பஸ் பாடி கட்டியவன் நான். ஒன்றரை அங்குலம் போதாது, இரண்டு அங்குலக் குழாய் போடுங்கள். ஒவ்வொரு தூணடியிலும் இருபுறமும் முக்கோணத் தகடு வைத்து வெல்டிங் போட்டால் அசையாது. ஜீப்தானே என்று குறைவாகக் கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

பரமக்குடி முன்னாள் படைவீரர்

பாடிக்காரர் அனுபவசாலி. தார்ச்சாலை பஸ்ஸுக்கு அவர் சொல்வது பொருந்தும். இந்த வண்டிக்கு அது நோயை இடம் மாற்றுமே தவிரத் தீர்க்காது. வெடிப்பு வெல்டிங்கில் வராமல் அதற்குப் பக்கத்தில் வருகிறது, கண்ணாடி குறுக்காகப் பிளக்கிறது, கதவு தரைக்குத் தரை மாறுகிறது. மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான்: சேஸிஸ் முறுக்குகிறது. ஏணி போன்ற அந்தச் சட்டம் முறுக்கத்தான் செய்யும். ஒரு சக்கரம் குழியில் இறங்கும்போது மற்ற மூன்றும் தரையை விடாமல் பிடிக்க அந்த முறுக்கும் உதவுகிறது. நீங்கள் அதன்மேல் ஒரு விறைத்த பெட்டியை ஆறு இடத்தில் ஒட்டிவிட்டீர்கள். சட்டம் முறுக்கும், பெட்டி மறுக்கும், நடுவில் அகப்பட்ட தூணடி கிழியும். குழாயைப் பெரிதாக்கினால் அடுத்து சேஸிஸே வெடிக்கும். அதற்குப் பிறகு வண்டியைக் காப்பாற்ற முடியாது.

இதை நான் மணலில் கற்கவில்லை, பனியில் கற்றேன். ராணுவத்தில் வண்டிப் பழுதுபார்க்கும் பிரிவில் இருந்தபோது, அண்டார்க்டிகாவில் 1989 முதல் இயங்கும் நமது மைத்ரி நிலையத்தில் ஒரு குளிர்காலம் முழுவதும் வேலை பார்த்தேன். அங்கே சக்கரத்துக்குப் பதில் அகலப் பட்டை ஓடும் பனிவண்டிகள். எடை பெரும் பரப்பில் பரவுவதால், நம் கால் புதையும் பனியில் அந்த வண்டி மிதந்து போகும். பின்னால் ஆட்கள் உட்காரும் கூண்டைத் தனியாகக் கட்டி, ரப்பர் தாங்கிகளின் மேல் உட்கார வைத்திருப்பார்கள். வண்டி நெளியும்போது கூண்டு நெளியாது.

பழைய பனிவண்டிக்காரர்கள் மரத்தையும் நம்பினார்கள். கனடாவின் கியூபெக் மாநிலத்தில் ஆர்மண்ட் பொம்பார்டியே என்பவர் 1930களில் ஏழு பேர் போகும் பட்டை வண்டி செய்தார். பிறகு வந்த பன்னிரண்டு பேர் வண்டிக்கு உடம்பு பிளைவுட், ஜன்னல்கள் கப்பலில் இருப்பதுபோல் வட்டம். வெடிப்பு பெரும்பாலும் கூர்மூலையில்தான் தொடங்கும். வட்டத்தில் தொடங்க மூலையே இல்லை. உங்கள் கண்ணாடி எங்கிருந்து பிளந்தது என்று பாருங்கள்.

நான் சொல்வதை நம்பவேண்டாம், நூல் பிடித்துப் பாருங்கள். கூண்டை சேஸிஸிலிருந்து விடுவியுங்கள். சேஸிஸின் நான்கு மூலைகளிலிருந்தும் குறுக்காக இரண்டு நூல் இழுத்துக் கட்டுங்கள். சமதரையில் நடுவில் இரண்டும் ஒன்றையொன்று தொட வேண்டும். பிறகு ஒரு முன்சக்கரத்தை மட்டும் 20 சென்டிமீட்டர் உயர்த்துங்கள். நூல்களுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்று எழுதுங்கள்.

ஏர்வாடி ஆசிரியை

தொழில்நுட்பம் எனக்குத் தெரியாது. ஆனால் அந்த வண்டிகளில் உட்கார்ந்து போனவள் நான். அம்மாவோடு ஒரு முறை தனுஷ்கோடி போனபோது எங்கள் வண்டியின் பின்பக்கம் திறந்திருந்தது. காற்று முன்னாலிருந்துதான் அடித்தது, ஆனாலும் புகை முழுவதும் பின்வழியாக உள்ளேதான் வந்தது. அம்மா முந்தானையை மூக்கில் வைத்தவர் திரும்பும்வரை எடுக்கவில்லை. கூண்டு கட்டும்போது இதைக் கவனியுங்கள் தம்பி.

ஏறும் படியும் அப்படித்தான். முழங்காலுக்கு மேலே படி இருந்தால் வயதானவர்களால் ஏற முடியாது. யாராவது இடுப்பைப் பிடித்துத் தூக்க வேண்டும். அந்தக் கூச்சத்திலேயே "நான் வரவில்லை, நீங்கள் போய் வாருங்கள்" என்று சொல்லிவிடுவார்கள்.

இன்னொன்று. தைமாதம் தொட்டுப் பங்குனி, சித்திரைவரை பங்குனி ஆமை கரையேறி முட்டையிடும் காலம். அப்போது வண்டியை மணல்மேட்டுப் பக்கம் இறக்க வேண்டாம். மணலுக்கு அடியில் இருப்பது மேலே தெரியாது.

கீழக்கரை வாசகர்

சட்டத்தையும் பாருங்கள். பதிவுச் சான்றில் உள்ள அமைப்பையும் இருக்கை எண்ணிக்கையையும் நாமாக மாற்றக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வரைபடத்தோடு மனு கொடுத்து ஒப்புதல் வாங்கிவிட்டுக் கட்டுங்கள். 15 ஆண்டு கடந்த சொந்த வண்டிக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கவும் வேண்டும். கட்டணம் வாங்கி ஆள் ஏற்றுவதானால் அதற்குத் தனி அனுமதி தேவை.

பாம்பன்காரன்

எல்லோருக்கும் நன்றி. பிரிவு 52 எனக்குத் தெரியவே தெரியாது. மனுவுக்கு வரைபடம் தயாராகிறது. கட்டணத்துக்கு ஓட்டும் எண்ணம் இல்லை.

ஐயா சொன்னபடி செய்தேன். ஆறு தூண்களையும் அறுத்து, இரண்டு தென்னைக்கு நடுவே உத்தரம் கட்டி, சங்கிலிக் கப்பியில் கூண்டைத் தூக்கி நிறுத்தினோம். மீன்வலைக்கு வைத்திருந்த நரம்பைக் குறுக்காகக் கட்டினேன். சமதரையில் நடுவில் இரண்டும் தொட்டன. இடது முன்சக்கரத்தைப் பனங்கட்டை மேல் ஏற்றியதும் நடுவில் 14 மில்லிமீட்டர் விரிந்தது. அப்பா குனிந்து பார்த்தார். இத்தனை வருடம் ஓட்டியும் இது தெரியாமல் போய்விட்டதே என்றார்.

பரமக்குடி முன்னாள் படைவீரர்

நடுவில் 14 என்றால், ஒரு மூலை மற்ற மூன்றின் தளத்தைவிட்டு அதைப்போல் இரண்டு மடங்கு, 28 மில்லிமீட்டர் விலகியிருக்கிறது. ஓர் அங்குலத்துக்கும் மேல். எந்த வெல்டிங் தாங்கும்?

முக்காலியை நினைத்துக்கொள்ளுங்கள். நாற்காலி மேடுபள்ளத்தில் ஆடும், முக்காலி எங்கே வைத்தாலும் நிற்கும். கூண்டுக்கு அதற்கென்றே ஓர் அடிச்சட்டம் செய்து, மூன்றே இடத்தில் தாங்குங்கள். முன்னால் நடுவில் ஒன்று, பின்னால் இரு ஓரத்திலும் ஒவ்வொன்று. மூன்றிலும் கெட்டியான ரப்பர் புஷ், ஊடே போல்ட், பெரிய வாஷர், கழலாத நட்டு. முன் மூலைகள் இரண்டிலும் தொங்கலாக ரப்பர் கட்டை வையுங்கள். சமதரையில் கூண்டுக்கும் அதற்கும் இடையே 30 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். 28ஐ அளந்துவிட்டோம் அல்லவா. வளைவில் கூண்டு அளவுக்கு மீறிச் சாய்ந்தால் அது தாங்கிக்கொள்ளும்.

ஓட்டுநர் இருக்கும் பகுதி சேஸிஸோடு போகும், பின்கூண்டு அதன் போக்கில் நிற்கும். இரண்டையும் தகடால் இணைத்தால் பழைய கதைதான். நடுவே மடிப்பு மடிப்பாகத் தார்ப்பாய் தைத்துப் போடுங்கள்.

கூரையில் ஆள் நுழையும் அளவுக்கு உள்ளிருந்து திறக்கும் மூடி ஒன்று கட்டாயம் வையுங்கள். கடல் உறைந்த பனிமீது போகும் வண்டிகளில் கூரைவழி இருக்கும். பனி உடைந்து வண்டி இறங்கினால் நீர் கதவை வெளியிலிருந்து அழுத்திவிடும், மேலே மட்டும்தான் வழி. உங்கள் வண்டி அலைக்கரையில் சாய்ந்து சிக்கினாலும் நிலைமை அதேதான். பின்கதவு ஒன்றை மட்டும் நம்பி எட்டுப் பேரை உட்கார வைக்காதீர்கள்.

ஆசிரியை சொன்ன புகைக்கும் காரணம் உண்டு. ஓடும் வண்டியின் பின்னால் காற்றழுத்தம் குறையும், அது புகையை இழுத்து உள்ளே தள்ளும். புகைக்குழாயைக் கூண்டின் பக்கவாட்டைத் தாண்டி வெளியே விடுங்கள். முன்பக்கக் காற்றுத் துளை எப்போதும் திறந்திருக்கட்டும், பின்பக்கம் இறுக்கமாக மூடட்டும்.

தொண்டி பாடிக்காரர்

நூல் கணக்கைப் பார்த்தேன். என் யோசனையைத் திரும்பப் பெறுகிறேன். முக்கோணத் தகடு வேண்டாம் தம்பி. கண்ணாடியைப் பசையில் ஒட்டாமல் ரப்பர் வாரில் உட்கார வையுங்கள், ஜன்னல் மூலைகளை உள்ளங்கை அகலத்துக்கு வளைத்துவிடுங்கள்.

மண்டபம் தச்சர்

வள்ளம், வத்தை என்று மரப்படகு கட்டும் குடும்பம் எங்களுடையது. இப்போது ஃபைபர் வேலையும் சேர்ந்துவிட்டது. கூண்டு தனி என்று முடிவாகிவிட்டதால் சொல்கிறேன், அதை ஏன் இரும்பில் கட்ட வேண்டும்? அந்தச் சதுரக் குழாயைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போய்ப் பாருங்கள். மணிபோல் கேட்கும் இடம் நல்லது, 'டொக்' என்று கேட்கும் இடத்தில் உள்ளே அரித்திருக்கிறது. நம் கரையில் இரும்புக் குழாய் உள்ளிருந்துதான் சாகும். உப்புக்காற்று வெல்டிங் இடுக்கில் நுழைந்துவிட்டால் வெளியேற வழியில்லை. பாம்பனில் 1914இல் திறந்த பழைய ரயில் பாலத்தைக் காக்க எவ்வளவு வர்ணம், எவ்வளவு ஆள்! 2025இல் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியே போட்டார்கள்.

கூரைக்கு 18 கேஜ் தகடு, எட்டுக்கு நாலு அடியில் ஒன்று ஏறக்குறைய 28 கிலோ. 6 மில்லிமீட்டர் பிளைவுட் அதே அளவில் 12, 13 கிலோ. மேலே ஃபைபர் ஒரு பூச்சுக் கொடுத்தாலும் தகட்டைவிட நன்றாகவே குறையும். தலைப்பாரம் குறைந்த வண்டி மணல்மேட்டில் எளிதில் சாயாது.

ஐ.எஸ். 710 முத்திரை உள்ள கடல் பிளைவுட்டை மட்டும் வாங்குங்கள். முத்திரையைப் பார்த்ததோடு விடாமல், உள்ளங்கையளவு துண்டு அறுத்து வாங்கிக் கொதிநீரில் போடுங்கள். தரப் பரிசோதனையில் 72 மணி நேரம் கொதிக்க வைப்பார்கள். வீட்டில் ஒரு நாள் கொதித்தாலே மட்டமான பலகை அடுக்கு அடுக்காக வாய் திறந்துவிடும். அறுத்த விளிம்புதான் நீர் குடிக்கும் வாய். ஒவ்வொரு விளிம்புக்கும் ஆணித் துளைக்கும் ரெசின் மூன்று முறை கொடுங்கள்.

அடிச்சட்டம் மட்டும் இரும்பு. அதைத் துத்தநாகத்தில் முக்கி எடுக்கக் கொடுப்பதானால், குழாய்களில் முன்கூட்டியே துளை போட்டுவிடுங்கள். தொட்டி 450 டிகிரிச் சூட்டில் இருக்கும். காற்றோ ஈரமோ அடைபட்ட குழாய் அதில் வெடித்துவிடும். முக்கி எடுத்த பிறகு வெல்டிங் வேண்டாம், அந்தப் புகை நெஞ்சுக்கு ஆகாது. அலுமினியத் தகட்டை இரும்போடு நேராகத் தொடவிடாதீர்கள். உப்புநீர் நடுவில் புகுந்தால் அலுமினியம் வெள்ளைமாவாக உதிரும்.

பலகை வாங்கியதும் கொண்டுவாருங்கள். கூண்டைத் தாங்கும் விலாச் சட்டங்களுக்கு வளைவு எடுக்கப் பூவரசு வைத்திருக்கிறேன்.

பாம்பன்காரன்

நாற்பது நாள் கழித்து எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுத்தியலால் தட்டினேன். ஆறு தூண்களில் நான்கு 'டொக்'. ஒன்றை அறுத்துக் கவிழ்த்தபோது உள்ளிருந்து செம்மண்போல் ஒரு கைப்பிடித் துரு கொட்டியது. கட்டி ஓராண்டுகூட ஆகவில்லை. இரும்புக் கூண்டைக் கைவிட்டுவிட்டோம். இரண்டு கடையில் வாங்கிய பிளைவுட் துண்டுகளை அம்மா பழைய நெல்லுப்பானையில் கொதிக்க வைத்தார். ஒன்று மறுநாள் காலையில் புத்தகம்போல் விரிந்து கிடந்தது, மற்றதைத்தான் வாங்கினோம்.

ஒப்புதல் வந்த பிறகே கூண்டை ஏற்றினோம். தச்சர் அண்ணன் நான்கு விலா வளைத்துக் கொடுத்தார். கூரைமூடி உள்ளிருந்து ஒரு கையால் திறக்கிறது. கீழ்ப்படி தரையிலிருந்து ஒரு சாண், அடுத்தது அதற்குமேல் ஒரு சாண். அம்மா யார் கையையும் பிடிக்காமல் ஏறிவிட்டார்.

நேற்று பனங்கட்டையை மறுபடி எடுத்து, இடது முன்சக்கரத்தை அதே 20 சென்டிமீட்டர் ஏற்றினோம். முன் இடது ரப்பர் கட்டை தொடவில்லை. நடுவே இரண்டு தீப்பெட்டியை அடுக்கி நுழைக்க இடமிருந்தது. அப்பா பின்பக்கம் போய்க் கதவை ஒற்றை விரலால் தள்ளினார். மூடியது. திறந்தார், மறுபடி தள்ளினார். ஐந்தாறு முறை அப்படியே செய்துகொண்டிருந்தார்.

கண்ணாடிக்கு ரப்பர் வார் இன்னும் வரவில்லை. புகைக்குழாயைப் பக்கவாட்டில் திருப்பிவிட்டேன், ஆனால் எதிர்காற்றில் ஓட்டிப் பார்க்கவில்லை. ஆசிரியை அக்கா, அதை ஓட்டியதும் உங்களுக்கு எழுதுகிறேன்.