இணையவழித் திரைப்பட விருந்து: யோசனை தேவை

கேள்வி: மதுரையில் ஒன்றாகப் படித்து, இப்போது வெவ்வேறு ஊர்களில் வேலை பார்க்கும் நண்பர்கள் நாங்கள், பழைய தமிழ்ப் படங்களை மையமாக வைத்து ஜூம் வழியாக ஒரு மாலை கூட விரும்புகிறோம். படம் பார்ப்பதைத் தவிர வேறு என்ன செய்யலாம்?

பதில் 1: மதுரையின் பழைய திரையரங்கான தங்கம் தியேட்டரைக் கருவாக எடுத்துக்கொள்ளுங்கள். 1952-இல் ‘பராசக்தி’யுடன் திறக்கப்பட்ட அந்த அரங்கு இன்று இல்லை என்பதால், அதன் பழைய படத்தை அனைவரும் திரைப் பின்னணியாக வைத்து, அக்காலக் கதாபாத்திரம் ஒன்றின் வேடத்தில் வந்து, பெயரைச் சொல்லாமல் வசனநடையிலேயே பேச, மற்றவர்கள் அது யாரென்று கண்டுபிடிக்கலாம்.

பதில் 2: முழு வேடம் என்றால் பாதிப் பேர் வரமாட்டார்கள், ஒரு துண்டோ கண்ணாடியோ போதும். இலவசக் கணக்கில் கூட்டம் 40 நிமிடத்தில் முடிந்துவிடும் என்பதால், அதையே இடைவேளையாக அறிவித்துவிடுங்கள்.

பதில் 3: பாடல் துணுக்குகளை ஒலிக்கவிடும்போது, திரையுடன் ஒலியையும் பகிரும் தெரிவைக் குறிக்க மறவாதீர்கள்.