போர்வையில கப்போட் கோட்டு தைக்கிறேன், ஊசி உடையுது, கக்கத்துல இழுக்குது, உதவி பண்ணுங்க

கனடா வின்னிபெக்ல இருந்து கேள்வி:
வணக்கம். இங்க செயின்ட் போனிஃபேஸ்ல பிப்ரவரி மாசம் ஃபெஸ்டிவல் டு வாயாஜர் நடக்கும், 1970-ல ஆரம்பிச்ச விழா, ஃபர், அதாவது மிருகத்து ரோமத்தோல் வியாபாரம் நடந்த காலத்து ஆளுங்க மாதிரி டிரஸ் பண்ணிட்டு இங்க இருக்கிற கிப்ரால்டர் கோட்டையில நிப்பாங்க. இந்தத் தடவை என் வீட்டுக்காரரும் வாலண்டியர், விறகு தூக்கி நெருப்பு பாத்துக்கிற வேலை. அவருக்குத்தான் கப்போட் தைக்கிறேன், தலைக்கு மூடி வச்சு முழங்கால் வரைக்கும் வர்ற போர்வை கோட்டு, பட்டன் கிடையாது, இடுப்புல சாஷ்னு ஒரு நீளத் துணிப்பட்டை சுத்திக் கட்டுறது. பழைய பொருள் கடையில கோடு போட்ட தடிப் போர்வை ஒண்ணு கிடைச்சுது, லேபிள் இல்ல.

மூடியும் தோளும் சேர்ற இடத்துல மடிப்பு மடிப்பா நாலு அடுக்கு வருது, அங்க போனாலே தையல் விட்டு விட்டு விழுது, இல்லன்னா ஊசி டப்புனு உடையுது. வீட்டு மெஷின், 90 நம்பர் ஊசி. ஓட்டுத்தையல் போட்டு அவருக்கு மாட்டிப் பாத்தா கையத் தூக்கும்போது கோட்டு மொத்தமா மேல ஏறுது, கக்கத்துல பிஞ்சிரும் போல இருக்கு. உள்ள ஃப்ளீஸ் லைனிங் குடுக்கலாமா? மைனஸ் 25 ஆனாலும் ராத்திரி வெளியதான் நிக்கணும்.

பதில் (தையல் கடை வச்சிருக்கேன், கோயம்புத்தூர்):
அக்கா, மடிச்சுத் தைக்காதீங்க, அதுதான் விஷயமே. நல்லா இறுகின கம்பளி வெட்டினா நூல் பிரியாது, அதனால ரெண்டு ஓரத்தையும் ஒன்னு மேல ஒன்னு ஒன்றரை சென்டிமீட்டர் ஏத்தி வச்சு தட்டையா ரெண்டு வரிசை ஓட்டுங்க, நாலு அடுக்கு ரெண்டாயிடும். ஊசிய 110 ஜீன்ஸ் ஊசியா மாத்துங்க, தையல் நீளம் 4-ல வைங்க, துணிய அமுக்கிப் பிடிக்கிற மெஷின் காலோட அழுத்தத்த குறைங்க, மேடு வர்ற இடத்துல பெடல மிதிக்காம சக்கரத்த கையால சுத்துங்க. கால் பின்பக்கம் சாஞ்சு நிக்குதுன்னா அட்டைய மடிச்சு அதுக்கடியில சொருகினா லெவல் ஆயிடும், தையலும் விடாது.

கக்கத்துக்கு உள்கைக்கும் பக்கத் தையலுக்கும் நடுவுல ஒரு 14 சென்டிமீட்டர் சதுரத் துண்ட டைமண்ட் மாதிரி சாய்ச்சு வைங்க. அந்தக் காலத்துச் சட்டை எல்லாம் நேர்த் துண்டுலயே வெட்டினது, கை தூக்குறதுக்கு இடம் குடுத்தது இந்தச் சதுரம்தான். அந்த நாலு மூலைய மட்டும் மெஷின்ல விடாதீங்க, தேன்மெழுகு தடவின நூல்ல கையாலேயே போடுங்க, கிழியிறது மூலையிலதான் ஆரம்பிக்கும்.

பதில் (டொரோண்டோ):
தங்கச்சி, தைக்கிறதுக்கு முதல் அது உண்மையான கம்பளிதானா எண்டு பாருங்கோ. ஓரத்தில நாலு நூல் உருவி சிங்குக்கு மேல பிடிச்சு எரியுங்கோ. மயிர் பொசுங்கிற மணம் வந்து, சாம்பல் விரலால நசுக்க தூளாப் போனா கம்பளி. உருகிக் கறுப்பா கட்டி மணி மாதிரி வந்தா அக்ரிலிக், அத நெருப்புக்குப் பக்கத்தில நிக்கிற மனுசனுக்குப் போடவே வேண்டாம். ஃப்ளீஸும் அதே கதைதான், அது பாலியெஸ்டர், பொறி விழுந்தா உருகித் தோலோட ஒட்டும். கம்பளி லேசில பத்தாது, பொறி பட்டா அந்த இடம் கருகும், அவ்வளவுதான்.

சூட்டுக்கு லைனிங் தேவையில்ல. கோட்ட லூசா விட்டு உள்ளுக்கு ரெண்டு மெல்லிய கம்பளி உடுப்புப் போட்டா அடுக்குக்கு நடுவில நிக்கிற காத்துதான் சூடு. பருத்தி பனியன் மட்டும் உடம்போட போட விடாதேங்கோ, விறகு தூக்க வேர்க்கும், பிறகு சும்மா நிக்கேக்க அந்த ஈரம் குளிர்ந்து உடம்பு நடுங்கும். கம்பளி தன்ர எடையில கிட்டத்தட்ட மூண்டில ஒரு பங்கு ஈரம் குடிச்சாலும் கைக்கு ஈரம் தெரியாது.

போர்வை ஓரத்தில சின்னச் சின்னக் கோடு நெய்திருந்தா வெட்டி எறியாம வெளியில தெரியிற மாதிரி வையுங்கோ, பாயின்ட் எண்டு சொல்லுவினம், போர்வைட அளவக் காட்டுறது. எத்தின பீவர் தோலுக்கு வித்தது எண்ட கணக்கு அது எண்டு கன பேர் சொல்லுவினம், அது பிழை.

கேட்டவர்:
ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. எரிச்சுப் பாத்தேன், முடி கருகின வாசனைதான், சாம்பல் பொடியாயிடுச்சு, அப்பாடான்னு இருந்துச்சு. 110 ஊசியில ஓரம் ஏத்தி ஓட்டினேன், ஒரு தையல் கூட விடல. கக்கத்துத் துண்டு வச்சதும் அவர் கைய நேரா மேல தூக்குறார், கோட்டு கீழ் ஓரம் அசையல. ஆனா துணிய லைட்டுக்கு நேரா பிடிச்சா புள்ளி புள்ளியா வெளிச்சம் வருது, காத்து பூந்துருமா?

பதில் (டொரோண்டோ):
பூரும். இனி முழுக் கோட்டையும் சுடுதண்ணில போட்டுடாதேங்கோ, சுருங்கி அவருக்குக் காணாது. மிஞ்சின துணிய மட்டும் சுடுதண்ணியும் சவுக்காரமும் போட்டு மெஷின்ல அலசி எடுங்கோ, சுருங்கி இறுகி வரும், அதத் தோளுக்கும் நெஞ்சுக்கும் ரெண்டாவது அடுக்கா உள்ளால வையுங்கோ. முன்பக்கம் ஒண்டு மேல ஒண்டு ஒரு சாண் ஏறோணும். சாஷ ரெண்டு சுத்துச் சுத்தி இறுக்கிக் கட்டச் சொல்லுங்கோ, கீழால ஏறுற காத்த அதுதான் மறிக்கிறது.

பதில் (கோயம்புத்தூர்):
அந்த உள் அடுக்க நெஞ்சுல பிளாங்கெட் ஸ்டிட்ச்ல, அதான் ஓரத்த சுத்திப் போடுற கைத்தையல், ஓரம் மட்டும் பிடிங்க அக்கா, நடுவுல ஓட்ட வேணாம். ஊசி போன ஓட்டை எல்லாம் காத்துக்கு வழி.