சமுதாயக் கூடம்: மணல் மேட்டைத் தொட வேண்டாம்

சங்க உறவுகள் எல்லோருக்கும் வணக்கம்.

ஊரில் நாம் கட்ட நினைக்கும் சமுதாயக் கூடத்துக்காகச் செயலாளர் அண்ணன் அனுப்பிய வரைபடத்தையும் படங்களையும் பார்த்தேன். கூடம் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. கல்யாணம், காதுகுத்து என்றால் இன்னும் பழவேற்காட்டில்தான் மண்டபம் பிடிக்க வேண்டியிருக்கிறது. பிரச்சினை இடம்தான். சவுக்குத் தோப்பைத் தாண்டிக் கடலோர மேட்டைச் சமன் செய்து கட்டலாம் என்கிறீர்கள். அந்த இடம் வேண்டாம்.

"கடல் பின்னாலே போயிடுச்சு, எவ்வளவு இடம் கிடக்குது பாருங்க" என்று ஒருவர் எழுதியிருந்தார். படம் எடுத்தது மாசியில். மாசி, பங்குனியில் நம் கரை எப்போதுமே அகலம்தான். கார்த்திகையில் வாடை அடிக்கும்போது அதே இடத்தில் நின்று ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். படகை ஏற்றி வைக்கவே இடம் தேடுவார்கள்.

வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளும் குழுவில் இருப்பதால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். எண்ணூர் கழிமுகத்திலிருந்து, பழவேற்காடு ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம் வரை நீளும் மணல் தீவில் இருக்கிறது நம் குப்பம். கிழக்கே வங்கக் கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாயும் ஏரியும். எல்லாம் அலை கொண்டுவந்து போட்ட மணல், அது ஒரு இடத்தில் நிற்பதும் இல்லை. வடகிழக்குப் பருவக்காற்றில் கரையோரமாகத் தெற்கே போகும், மற்ற மாதங்களில் வடக்கே போகும். ஆண்டுக் கணக்கில் வடக்கே போவதுதான் அதிகம். குறுக்கே கல்லைப் போட்டு மறித்தால் தெற்குப் பக்கம் மணல் சேரும், வடக்குப் பக்கம் கரை அரிக்கும். எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் போட்ட பிறகு நடந்தது அதுதான்.

முகத்துவாரமும் இதே கதை. ஆரணி ஆற்றில் தண்ணீர் குறைந்தால் மணல் வந்து வாயை அடைத்துவிடும். கடல்நீர் உள்ளே வராவிட்டால் இறால் குஞ்சும் வராது. கடலுக்குப் போகிற படகுகள் தண்ணீர் ஏறும்வரை காத்துக் கிடக்கும். அவசரம் என்றால் இன்ஜினைத் தூக்கிவிட்டு, இறங்கித் தள்ள வேண்டும். ஊர்ப் பணம் போட்டுப் பொக்லைன் வைத்து வெட்டிய வாய் எத்தனை முறை மறுபடி மூடிக்கொண்டது என்பது நமக்குத் தெரியும். இரண்டு பக்கமும் கல் சுவர் போட்டு நிரந்தரமாகத் திறந்து வைக்க அரசு பணம் ஒதுக்கியது நல்ல விஷயம், ஏரிக்கு அது வேண்டும். ஆனால் நாம் முகத்துவாரத்துக்குத் தெற்கே இருப்பவர்கள். அந்தச் சுவரால் நம் பக்கம் மணல் கூடினாலும் கூடலாம். அதைப் பார்த்து மனை கிடைத்துவிட்டது என்று கிளம்பக் கூடாது.

அப்புறம் அந்த மேடு. அதைக் கட்டிப் பிடித்திருப்பது அடம்பங்கொடியும் இராவணன் மீசைப் புல்லும். காற்று அள்ளி வரும் மணலைப் புல் பிடித்துக்கொள்ளும், தன்னை மூடிய மணலுக்கு மேலேயே மறுபடி தலை நீட்டும். அதன் முள் உருண்டைகள் கரையில் உருண்டு ஓடும்போது துரத்திப் பிடித்து, கையில் குத்து வாங்காதவர் இந்தக் குழுவில் யாராவது உண்டா? இயந்திரம் ஒரே காலையில் வழித்துவிடும், மேடு மறுபடி எழும்ப ஆண்டுக்கணக்காகும். 2004 டிசம்பர் 26 அன்று தண்ணீர் எந்தப் பக்கமாக ஊருக்குள் புகுந்தது என்று பெரியவர்களைக் கேளுங்கள். வண்டி இறக்குவதற்காக மேட்டை வெட்டிவிட்ட வழியைத்தான் காட்டுவார்கள்.

தண்ணீர் விஷயமும் இருக்கிறது. மழைத் தண்ணீர் மணலுக்குள் இறங்கி, அடியில் உள்ள உப்புத் தண்ணீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் ஊற்றுத் தோண்டிக் குடம் நிரப்ப முடிவது அதனால்தான். கூடத்துக்கு ஆழ்துளைக் கிணறு போட்டு மோட்டாரால் இழுத்தால் அடியில் உள்ள உப்பு மேலே ஏறிவிடும். ஒரு கல்யாணப் பந்திக்கு எவ்வளவு தண்ணீர் செலவாகும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

சட்டமும் நம் பக்கம் இல்லை. கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, 2011இல் வந்ததும் சரி, 2019இல் வந்ததும் சரி, மணல் மேடுகளை மிகக் கண்டிப்பாகக் காக்க வேண்டிய வகையில்தான் வைத்திருக்கிறது. ஊர்ப் பஞ்சாயத்து சம்மதித்தால் போதும் என்பது நடக்காது. பாதிக் கட்டடத்தில் நோட்டீஸ் வந்தால் போட்ட பணம் போனதுதான்.

ஏரிப் பக்கம் பழைய வலைக்கூடம் இடிந்து கிடக்கிறதே, அங்கே தூண் நிறுத்தி உயரமாகக் கட்டலாம். அங்கேயும் அனுமதி வாங்கியாக வேண்டும், ஏரியும் கடலோடு சேர்ந்த தண்ணீர்தான். ஆனால் ஏற்கெனவே கட்டடம் இருந்த இடம் என்று சொல்லிக் கேட்கலாம். கடல் தெரியாது, காற்று குறைவு, சாயங்காலம் ஆனால் கொசு பிடுங்கும், எல்லாம் உண்மை. மின்விசிறி என் செலவு. மேடு தப்பித்தால் இன்னொரு லாபமும் உண்டு: ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடும் நாளில் கடலுக்குப் போகாதே என்று சொல்லிவிடுகிறார்கள், ஊரே அதன்மேல் ஏறி நின்றுதானே பார்க்கிறது!

இடத்தை மாற்றினால் என் பங்குப் பணத்தை உடனே அனுப்பிவிடுகிறேன். மேட்டில்தான் என்றால் என்னை விட்டுவிடுங்கள். பொருளாளர் அண்ணன் சித்திரையில் ஊருக்குப் போவதாகச் சொன்னார். பஞ்சாயத்தாரோடு உட்காரும்போது இளைஞர்களை மட்டும் வைத்துப் பேசாமல், ஊற்றில் தண்ணீர் எடுக்கும் அக்காமார்களையும் கூப்பிடுங்கள் அண்ணே. வலைக்கூடத்து இடம் யார் பெயரில் இருக்கிறது என்று கிராம நிர்வாக அலுவலரிடமும் ஒரு வார்த்தை கேட்டு எழுதுங்கள்.