‘முழுக் கட்டுரை’ பொத்தான் கட்டுரைக்குப் போகாமல் இதழின் முகப்புக்குப் போகிறது – உதவி தேவை

தேயிலைப்பூ (ஹட்டன்):
தோட்டப்புறக் கர்ப்பிணித் தாய்மாரின் இரத்தசோகை பற்றி முதுகலை ஆய்வு செய்கிறேன். கம்பஸ் நூலகத் தளத்தில் தேடினால் ஒவ்வொரு தலைப்புக்குப் பக்கத்திலும் ‘முழுக் கட்டுரை’ என்று ஒரு பொத்தான் வருகிறது. அழுத்தினால் ஒன்று நேராகத் திறக்கிறது. இன்னொன்று இதழின் முகப்பில் கொண்டுபோய் விடுகிறது. வேறொன்று “உங்கள் நூலகத்தில் இல்லை” என்கிறது. சிலதுக்குக் காசு கேட்கிறார்கள். வீட்டில் போன் டேட்டாதான், மழை இறங்கினால் சிக்னலும் போய்விடும். எங்கே பிழைக்கிறது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஊவாக்காரன் (பதுளை):
தங்கச்சி, காசு கேட்ட நேரம் நூலகக் கணக்கில் உள்நுழைந்திருந்தீர்களா? கம்பஸுக்குள் இருந்தால் ஐபி முகவரியை (இணையத்தில் அந்த வலையமைப்பைக் காட்டும் எண்) வைத்துப் பதிப்பாளர் அடையாளம் காண்பார். வீட்டிலிருந்து என்றால் நூலகத்தின் ப்ராக்ஸி (உங்கள் சார்பில் தளத்தைத் திறக்கும் இடைக்கணினி) வழியாகப் போனால்தான் நீங்கள் யாரென்று தெரியும்.

நூலகத்தில் வேலை (கண்டி):
காசு கேட்கும் பக்கத்துக்கு அதுதான் காரணம். மற்ற இரண்டும் வேறு.

அந்தப் பொத்தான் கட்டுரையைத் தேடுவதில்லை. இதழின் ஐஎஸ்எஸ்என் (இதழுக்குரிய அடையாள எண்), ஆண்டு, தொகுதி, தொடக்கப் பக்கம் எல்லாவற்றையும் ஒரு நீண்ட முகவரியில் கோத்து லிங்க் ரிசால்வருக்கு (கட்டுரை எங்கே கிடைக்கும் என்று வழிகாட்டும் நூலக மென்பொருள்) அனுப்புகிறது. இந்த முறைக்கு ஓப்பன்யூஆர்எல் என்று பெயர். ரிசால்வரிடம் ஓர் அட்டவணை உண்டு: எந்த இதழ், எந்தத் தரவுத்தளத்தில், எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை நம் நூலகத்துக்குக் கிடைக்கும் என்று. பொருந்தினால் அந்தத் தளத்துக்கு ஏற்ற புது முகவரியைக் கட்டி உங்களை அனுப்பிவிடும். கட்டுரை அங்கே உண்மையில் இருக்கிறதா என்று பெரும்பாலும் சரிபார்ப்பதில்லை.

முகப்பில் போய் நிற்பது பெரும்பாலும் தொடக்கப் பக்கம் இல்லாததால். இணையத்தில் மட்டும் வரும் பல இதழ்களில் இப்போது பக்க எண்ணே கிடையாது, கட்டுரை எண்தான். ஆண்டும் குழப்பும்: டிசம்பரில் இணையத்திலும் அடுத்த வருடம் அச்சிலும் வந்த கட்டுரைக்கு இரண்டு ஆண்டுகள் பதிவாகியிருக்கும். பொத்தானை அழுத்தியதும் வரும் முகவரியை நகலெடுத்துப் பாருங்கள். கேள்விக்குறிக்கு அப்புறம் ‘டேட்’, ‘வால்யூம்’, ‘ஸ்பேஜ்’ என்று ஆங்கிலத்தில் இருக்கும். கடைசியது தொடக்கப் பக்கம். அதற்கு எதிரே வெறுமையாக இருக்கிறதா?

“இல்லை” என்று வருவதற்கு, கடைசி 12 மாத இதழ்களைத் தரமாட்டோம் என்பது போன்ற தடை காரணமாக இருக்கலாம். இதழ் பெயர் மாறியிருந்தாலும் வரும். ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னல்’ 1988-இல் ‘பிஎம்ஜே’ ஆனது. பெயர் மாறினால் ஐஎஸ்எஸ்என்னும் மாறும், பழைய எண்ணோடு போனால் அட்டவணையில் பொருந்தாமல் போகலாம்.

தேயிலைப்பூ:
ஸ்பேஜ் வெறுமைதான் அண்ணா! ஆனால் அந்தக் கட்டுரைக்கு டிஓஐ (கட்டுரைக்கென்றே தரும் நிரந்தர அடையாள எண்) இருக்கிறது. நேரே அதைப் போட்டால் போதாதா?

நூலகத்தில் வேலை:
போடலாம். ஆனால் டிஓஐ வழக்கமாகப் பதிப்பாளரின் பக்கத்துக்குத்தான் போகும். நம் நூலகம் அதே கட்டுரையை எப்ஸ்கோ போன்ற வேறொரு தளம் வழியாக வாங்கியிருந்தால், கையில் இருக்கும் பொருளுக்கே திரும்பக் காசு கேட்பார்கள். இந்தச் சிக்கலுக்காகத்தான் 1990-களின் கடைசியில் பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழகத்தில் ஹெர்பர்ட் வான் டி சொம்பெலும் கூட இருந்தவர்களும் இந்த ஏற்பாட்டைத் தொடங்கினார்கள். ஓப்பன்யூஆர்எல் பின்னர் அமெரிக்கத் தரமாகவும் ஆனது. வசதி குறைந்த நூலகம் கஷ்டப்பட்டு வாங்கிய பிரதி மாணவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும் என்ற எண்ணம் இதில் இருக்கிறது. அதனால் எனக்கு இதன்மேல் பெரிய மதிப்பு.

ரிசால்வர் பக்கத்தில் டிஓஐக்கு ஒரு பெட்டி இருந்தால் அதில் ஒட்டுங்கள். விடுபட்ட விவரங்களை, டிஓஐ பதிவுகளை வைத்திருக்கும் கிராஸ்ரெஃபில் இருந்து எடுத்து நிரப்பிக்கொள்ளும் வசதி பல ரிசால்வர்களில் உண்டு.

மலையோரம் (பண்டாரவளை):
உங்கள் தலைப்புக்குச் சிலோன் மெடிக்கல் ஜேர்னலையும் பாருங்கள். ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன் தளத்தில் இலவசம், கம்பஸ் கணக்கே வேண்டாம்.

தேயிலைப்பூ:
டிஓஐ ஒட்டியதும் பீடிஎஃப் வந்துவிட்டது, மூவருக்கும் நன்றி. “இல்லை” என்று வந்தது இந்த வருடக் கட்டுரை, தடைதான் போலிருக்கிறது. அதற்கு வழியுண்டா?

நூலகத்தில் வேலை:
வேறு நூலகத்திலிருந்து தருவித்துத் தர முடியுமா என்று உங்கள் நூலகத்தில் கேளுங்கள், இல்லாவிட்டால் கட்டுரையாளருக்கே எழுதலாம். நூலகத்துக்கு எழுதும் மின்னஞ்சலில் அந்த நீண்ட முகவரியையும் சேர்த்து அனுப்புங்கள். அட்டவணையில் ஆண்டு பிழையாக இருந்தால் அதை வைத்துத்தான் திருத்துவார்கள்.