கிறிஸ்துமஸ் பரிசுக்கு எவ்வளவு ஒதுக்கலாம்?

அக்காமார், அண்ணன்மார் எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் நாகர்கோவில் பக்கம். மூத்தவனுக்கு 11 வயது, சின்னவளுக்கு 6. கிறிஸ்துமஸ் என்றால் எங்கள் வீட்டில் புதுத்துணி, கேக், முந்திரிக்கொத்து, வாசலில் ஸ்டார், அவ்வளவுதான். போன வருடம் கொழுந்தனார் குடும்பம் துபாயிலிருந்து வந்து, அவர்கள் பிள்ளைகள் ரிமோட் காரும் லெகோவுமாகப் பிரித்து வைத்ததிலிருந்து கதை மாறிவிட்டது.

இந்த முறை மூத்தவன் கியர் சைக்கிள் கேட்கிறான். கடையில் விசாரித்தால் 9,000 ரூபாய் சொல்கிறார்கள். சின்னவளுக்கு 300 ரூபாய் சமையல் செட்டே போதும். ஆனால் அண்ணன் சைக்கிளைப் பார்த்த பிறகு சும்மா இருப்பாளா? துணிக்கே 5,000 தாண்டும், ஜனவரியில் பள்ளிக் கட்டணம் வேறு. இருவருக்கும் சேர்த்து 4,000 என்பது என் கணக்கு. சைக்கிளை ஏப்ரலில் வரும் பிறந்தநாளுக்குத் தள்ளலாம் என்கிறார் இவர். மாமியாரோ, "பிள்ளைகளுக்குச் செய்யாம வேற யாருக்குச் செய்யப் போறீங்க?" என்கிறார். (பணம் தருவதாக மட்டும் சொல்லவில்லை!)

நீங்கள் ஒரு பிள்ளைக்கு எவ்வளவு ஒதுக்குவீர்கள்? எல்லோருக்கும் ஒரே தொகையா, வயதுக்கு ஏற்றபடியா? தாத்தா பாட்டி கையில் கொடுக்கும் காசையும் அதில் சேர்ப்பீர்களா? அப்புறம், சைக்கிளைத் தள்ளிப்போடுவதை மூத்தவனிடம் எப்படிச் சொல்வது? நவம்பர் சம்பளம் வருவதற்குள் சொன்னால் உதவியாக இருக்கும்.